பூஸ்ட் ஏறினால் மிஸ் பண்ணும் கார்: பெற்றோலைக் கூட்டுவதற்கு முதல்

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் பொடியன்மார் ஆசையாகக் கட்டிய டேர்போ கார்கள் ஓடுகின்றன. டேர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதைத்தான் பூஸ்ட் என்கிறோம். பழைய லான்சருக்குள் 4ஜி63 எஞ்சின் இறக்கியது, ஸ்டார்லெட்டில் 4ஈ-எப்டிஈ எஞ்சின், இடையில் ஒரு சுபாரு. கராஜுக்கு வந்தால் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, ஐடிலில் நல்லா நிக்குது, மெதுவா ஓடினாலும் பிரச்சினை இல்ல. பூஸ்ட் ஏறினா மட்டும் வெட்டி வெட்டி இழுக்குது." பிறகு காற்று-பெற்றோல் கலவை காட்டும் மீட்டரைக் காட்டி, "லீன் காட்டுது, பெற்றோல் காணாது போல" என்பார்கள்.

முதல் சொன்னது நல்ல தகவல். பிறகு சொன்னதை நம்பி வேலை தொடங்கினால் எஞ்சினுக்கு ஆபத்து.

மீட்டரோடு வரும் வைட்பேண்ட் சென்சர் பெற்றோலை நேரே அளப்பதில்லை. எக்ஸோஸ்ட் குழாயில் மிஞ்சி வரும் ஒட்சிசனைத்தான் பெரும்பாலும் பார்க்கிறது. ஒரு சிலிண்டரில் பிளக்கின் தீப்பொறி விழாவிட்டால் (மிஸ் என்பது இதுதான்), உள்ளே போன காற்று எரியாமல் முழு ஒட்சிசனோடும் வெளியே வரும். பெற்றோலும் எரியாமல்தான் வருகிறது, ஆனால் சென்சரின் கணக்கில் ஒட்சிசன்தான் மேலே நிற்கும். அதனால் 11.5இல் (ஒரு பங்கு பெற்றோலுக்கு 11.5 பங்கு காற்று) நின்ற மீட்டர் திடீரென்று 15, 16 என்று காட்டும். அதைப் பார்த்து லீன் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டினால் கலவை தடிக்கும், பிளக் நனையும், மிஸ் கூடும், மீட்டர் முன்னையதை விட லீனாகக் காட்டும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்து பாருங்கள், பெற்றோல் மணம் வரும். சென்சருக்கு முன்னால் எக்ஸோஸ்ட் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே பொய்தான் வரும், வெளிக்காற்று உள்ளே இழுபடுவதால்.

உண்மையான லீனையும் மிஸ்ஸையும் பிரிக்க லொக் (ஓடும்போது இலக்கங்களைப் பதிந்து வைப்பது) எடுத்துப் பார்ப்பதே வழி. எது முதலில் நடந்தது என்று பாருங்கள். பெற்றோல் உண்மையில் காணாது என்றால் ஆர்.பி.எம். ஏற ஏற மீட்டரும் மெல்ல மெல்லத் தள்ளிப்போகும். இழுவை குறைவது அதற்குப் பிறகுதான். மிஸ் என்றால் இலக்கம் ஒரே இடத்தில் நின்று, வெட்டிய கணத்தோடு பல்லுப் பல்லாகக் குதிக்கும். பெற்றோல் பிரஷர் கேஜ் ஒன்று பூட்டினால் சந்தேகமே இராது. பூஸ்ட்டோடு சேர்ந்து ஏறுகிற ரெகுலேட்டரில் அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால், 1 பார் பூஸ்ட்டில் அது 4 பார் காட்டவேண்டும். காட்டினால் பம்பை விடுங்கள், பொறிப் பக்கம் வாருங்கள்.

ஐடிலில் நன்றாக எரிகிற பிளக் பூஸ்ட்டில் ஏன் தோற்கிறது? சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே பொறி பாய அதிக வோல்டேஜ் தேவைப்படும். கொயிலால் அவ்வளவு கொடுக்க முடியாத இடத்தில் பொறி நின்றுவிடும், அல்லது வயரின் வெடிப்பு வழியாக வேறு பாதை தேடிப் போகும். டேர்போ இல்லாத எஞ்சினுக்கு 1.1 மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இருக்கலாம். பூஸ்ட் கூட்டிய எஞ்சினுக்கு 0.6, 0.7 அளவில் வைப்பதுதான் வழக்கம். என்ஜிகே பிளக்கில் இலக்கத்தின் கடைசியில் 11 என்று இருந்தால் அது 1.1 இடைவெளி. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டிவிட்டு "புதுப் பிளக் அண்ணே" என்று சொல்வது போதாது. இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் ஒன்றின் விலை ஒரு இரிடியம் பிளக்கின் விலைக்குக் கிட்டவும் வராது.

கராஜுக்கு வந்த ஒரு லான்சரின் கதை இது. பூஸ்ட் கூட்டி, வேறு இடத்தில் டியூன் பண்ணிய கார். லீன் என்று சொல்லி அங்கே பெற்றோலைக் கூட்டிவிட்டிருந்தார்கள். நாலு பிளக்கும் கரியாக இருந்தன. இடைவெளியை 0.65க்குக் குறைத்து ஓடிப் பார்த்ததில் மிஸ் போகவில்லை, ஆனால் கொஞ்சம் மேலே தள்ளிப்போனது. 1 பாரில் வெட்டியது இப்போது 1.2இல் வெட்டியது. அது போதும், பிரச்சினை பொறியில்தான் என்று உறுதி. அடுத்து கொயிலுக்கு வரும் வோல்டேஜை லோட்டில் அளந்தோம். பற்றரியில் 13.8, கொயிலில் 12க்குக் கீழே. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் வயரின் நுனியில் பச்சை பூத்திருந்தது. கொயில் கனெக்டருக்குள்ளும் அதே பச்சை. புது எர்த், கொயிலுக்குத் தனி ரிலே, சுத்தமான கனெக்டர். அதற்குப் பிறகுதான் கூட்டிய பெற்றோலைத் திரும்பக் குறைத்தோம். புதுக் கொயில் வாங்கக் கொண்டு வந்த காசு அவருடைய பையிலேயே இருந்தது.

கல்லடி, காத்தான்குடி மாதிரி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உள்ள ஊரில் நிற்கும் காருக்கு இது புதினமில்லை. உப்புக் காற்று செம்பு வயரைச் சும்மா விடாது. பார்ப்பதும் லேசு. எஞ்சின் ஓடும்போது லைட், ஏசி எல்லாம் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளொக்கிலும் மற்றதைப் பற்றரியின் மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள ஸ்டார்லெட் என்றால் கப்பையும் ரோட்டரையும் கழற்றிப் பாருங்கள், உள்ளே வெள்ளைத் தூள் படிந்திருக்கும். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மாரி மழை வேறு. ஷோவுக்காக எஞ்சின் கவரைக் கழற்றி எறிந்த காரில், சேர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சின் கழுவிய தண்ணீர் பிளக் குழிக்குள் தேங்கி நிற்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது ஸ்கேனர் பேசும் காரில் லேசு: பி0301 தொடக்கம் பி0304 வரை இலக்கமே சொல்லும், பி0300 என்றால் ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி. ஆனால் கனமில்லாத பிளைவீல், பெரிய கேம் போட்ட காரில் அந்தப் பிழை இலக்கம் பொய்யாகவும் வரும், ஏனென்றால் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ கிராங்கின் வேகம் தடுமாறுவதை வைத்துத்தான் மிஸ் என்று ஊகிக்கிறது. 90களின் ஜப்பான் காரில் ஐடிலிலும் மிஸ் இருந்தால், இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்; எதைக் கழற்றினால் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் ஆள். ஓடும்போது பிளக் வயரை இழுக்காதீர்கள், கையில் கரண்ட் அடிக்கும், கொயிலும் போகும். 4ஜி63இல் 1உம் 4உம் சேர்ந்து மிஸ் என்றால் கொயிலைச் சந்தேகியுங்கள். அந்த இரண்டுக்கும் ஒரே கொயில்தான்.

மிஸ் மாதிரித் தெரிந்தாலும் மிஸ் இல்லாதவையும் உண்டு. 95 ஒக்டேனுக்கு டியூன் பண்ணிய காருக்கு வழியில் கிடைத்த 92ஐ அடித்தால், எஞ்சின் தட்டுவதைப் பிடிக்கும் நொக் சென்சர் பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து இழுவையைக் கொன்றுவிடும். பூஸ்ட் எல்லையைத் தாண்டினால் ஈசியூவே பெற்றோலை வெட்டும். காற்றளவு சென்சர் உள்ள காரில், காற்றை வெளியே விடும் புளோ-ஒப் வால்வு பூட்டினால் கியர் மாற்றும்போது கறுப்புப் புகையோடு தடுமாறும். அளந்த காற்று வெளியே போய்விட்டது, பெற்றோல் மட்டும் உள்ளே.

பொறியும் பெற்றோலும் சரி, இன்னும் ஒரே சிலிண்டர்தான் அடம் பிடிக்கிறது என்றால் கொம்பிரஷன் பாருங்கள். பெற்றோலையும் பொறியையும் நிறுத்தி, திரொட்டிலை முழுக்கத் திறந்து சுற்றுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் ஊற்றித் திரும்ப அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது பிஸ்டன், ஏறாவிட்டால் வால்வு அல்லது கெஸ்கட்.

செக் எஞ்சின் லைட் சிமிட்டினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் கெட்டலிட்டிக் கொன்வேட்டருக்குள் எரிந்து அது செந்தணலாகும். சம்மாந்துறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் வைக்கோல் கிடக்கும் ரோட்டோரத்தில் அந்தக் காரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

கராஜுக்கு வரும்போது கடைசியாக என்ன மாற்றினீர்கள், எத்தனை பாரில், எத்தனை ஆர்.பி.எம்.மில், எந்தக் கியரில் வெட்டுகிறது, எந்தப் பெற்றோல் அடித்தீர்கள் என்பதை எழுதிக் கொண்டு வாருங்கள். கழற்றிய பழைய பிளக்குகளை எறியாமல், ஒவ்வொன்றிலும் சிலிண்டர் இலக்கம் எழுதிய டேப்பை ஒட்டிக் கொண்டு வாருங்கள்.