நாளும் நேரமும் சொல்லி அழையுங்கள்: ஆட்டிசம் உள்ள வயதுவந்தவர்களின் நட்பு

பிறரோடு பழகுவதிலும் ஒலி, ஒளி போன்றவற்றை உணர்வதிலும் சிறுவயது முதலே வேறுபாடு உள்ள நிலைதான் ஆட்டிசம். ஆனால் ஆட்டிசம் என்றால் பேச்சு வராத ஒரு குழந்தையையும் அதன் கையைப் பிடித்து நிற்கும் தாயையும் மட்டுமே நினைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். அந்தக் குழந்தை வளர்ந்து முப்பது வயதில் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி வேலைக்குப் போகும் என்பதோ, சிறுவயதில் பேச்சு நன்றாக வந்துவிட்ட காரணத்தாலேயே யார் கண்ணிலும் படாமல் போன ஒருவர் நாற்பது வயதில்தான் தன் நிலை இன்னதென்று அறியக்கூடும் என்பதோ நமக்குத் தோன்றுவதில்லை. வண்ணாரப்பேட்டையில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரியும் என்னிடம், ஆட்டிசமா என்று கேட்டுக்கொண்டு வரும் வயதுவந்தவர்கள் குறைவு. தூக்கம் வரவில்லை, படபடப்பாக இருக்கிறது என்று வருகிறார்கள்; அல்லது “யாராண்டயும் ஒட்டவே மாட்டேங்கிறான்” என்று வீட்டார் அழைத்து வருகிறார்கள். ஒட்ட விருப்பமில்லாதவர் என்று வீட்டார் நினைக்கும் அந்த மனிதர், தனியாகப் பேசும்போது, தனக்கு ஒரு நண்பர்கூட இல்லையே என்று கண்கலங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் வாகன உதிரிபாகக் கடையொன்றில் சரக்குக் கணக்குப் பார்ப்பவர். எந்தப் பாகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் கணினியைத் திறக்காமலே சொல்லிவிடுவார். ஒரே தெருவில் உடன் வளர்ந்த நண்பர் புதுவீட்டுக்குக் குடிபோனபோது, “ஒருநாள் ஊட்டாண்ட வா மச்சான்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்த நாள் என்று அவர் சொல்வார் என இவர் காத்திருந்தார். கூப்பிட்டும் வரவில்லையே என்று அவர் அங்கே மனம் நொந்திருந்தார். மாதக்கணக்கில் பேச்சு நின்றுபோன பிறகு, “ஞாயித்துக்கெழம வான்னு சொல்லியிருந்தா போயிருப்பேனே மேடம்” என்று இவர் என்னிடம் கேட்டபோது, அந்தக் கேள்வியில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. இருவருமே அன்போடுதான் இருந்தார்கள். அழைப்பில் சொல்லாமல் விட்ட பகுதியை ஒருவர் தானாக நிரப்பிக்கொள்வார், இன்னொருவர் நிரப்பமாட்டார் என்பது மட்டுமே அவர்களுக்கிடையே இருந்த வேறுபாடு.

இதைத்தான் ஆட்டிசம் உள்ளவரும் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவரின் மனம் புரிவதில்லை என்பது மில்டனின் வாதம். 2020இல் கேத்தரின் கிராம்ப்டனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. அதில் ஒரு கதையை எட்டுப் பேர் ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எட்டுப் பேருமே ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையிலும், ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தப்பிப் பிழைத்தது. இரு தரப்பாரும் கலந்திருந்த வரிசையில்தான் அதிகமாக உதிர்ந்துபோனது. ஆகவே, நண்பர் சொன்னது புரியாத இடத்தில் ஆட்டிசம் உள்ளவரை மட்டும் திருத்த முயலும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. நண்பரையும் கூட அழைத்து வரச் சொல்கிறேன்.

நம் வடசென்னையில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம். இங்கே நெருக்கம் என்பது பெரும்பாலும் கலாய்ப்பதிலும், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்வதிலும், தோளில் கைபோட்டுப் பேசுவதிலும்தான் வெளிப்படுகிறது. இவை மூன்றுமே ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினமானவை. ஆனால் இதே ஊரின் கேரம் போர்டு அவர்களுக்கு மிகவும் ஏற்ற நட்புக்களம் என்பது என் அனுபவம். 2024இல் உலகக் கோப்பை கேரம் போட்டியில் தங்கம் வென்ற காசிமா வளர்ந்த பகுதி இது; தெருவுக்குத் தெரு போர்டு உண்டு. கண்கள் காயின் மேல் இருக்கின்றன, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. அடுத்து யார் முறை என்பதில் குழப்பமில்லை, பேசாமல் இருந்தாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நான் சொன்ன உதிரிபாகக் கடைப் பணியாளர் தன் பழைய நண்பரோடு மீண்டும் பழகத் தொடங்கியது ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என்று வைத்துக்கொண்ட ஆட்டத்தில்தான். போரிக் பவுடரைத் தூவிக்கொண்டே தன் அம்மாவின் நோயைப் பற்றி அவர் முதன்முதலாகப் பேசினாராம். ஒரு வேலையைச் சேர்ந்து செய்துகொண்டிருக்கும்போது வரும் பேச்சு, எதிரெதிரே உட்கார்ந்து ‘மனம்விட்டுப் பேசு’ என்றால் வருவதில்லை.

பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது, ஏனெனில் அவர்களில் பலர் தங்கள் சிரமத்தை மறைத்துக்கொள்ளக் கற்றுவிடுகிறார்கள். தெருவை அடைத்துப் போட்ட பந்தலில், பேண்டு வாத்தியமும் ஒலிபெருக்கியும் முழங்க, யாரை எவ்வளவு நேரம் பார்ப்பது, எங்கே சிரிப்பது என்று மனத்துக்குள் கணக்குப் போட்டபடியே ஒரு வரவேற்பு முழுவதும் சிரித்த முகத்தோடு நின்றுவிட்டு, மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் பெண்ணை உறவினர்கள் ‘திமிர் பிடித்தவள்’ என்கிறார்கள். ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்று என்பதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட, மனநல நிலைகளைக் கண்டறிய உதவும் டிஎஸ்எம்-5 கையேடு கண்டறியும் அளவுகோலிலேயே சேர்த்துவிட்டது. அவர் படுத்திருப்பது களைப்பால். அந்தக் களைப்பு உடல்நோவைப் போலவே உண்மையானது. பந்தலுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றுவிட்டு வர அவரை விட்டாலே பாதிச் சுமை குறையும்.

நண்பராக இருப்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. நாளும் நேரமும் சொல்லி அழையுங்கள், வரும் முன் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். கோபம் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல், எதற்காகக் கோபம் என்பதைச் சொல்லிவிடுங்கள். பதில் வரத் தாமதமானால் அதை அலட்சியம் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர் தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி, அது மின்சார ரயில் பெட்டிகளாக இருந்தாலும் பழைய நாணயங்களாக இருந்தாலும், நீண்ட நேரம் பேசினால், அது உங்களை நம்பித் தரப்படும் அன்பளிப்பு. நேரமில்லை என்றால் அதையும் நேராகவே சொல்லலாம். பெரும்பாலோர் அதை வருத்தமின்றி ஏற்றுக்கொள்வார்கள்.

தனக்கும் இப்படி இருக்குமோ என்று ஐயப்படுபவர்கள் வயது கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையையோ அணுகலாம். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரித்த 21 வகை மாற்றுத்திறன் நிலைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெற்றவர் அரசுப் பணியில் இருந்தால், பணியிடத்தில் தமக்குத் தேவையான நியாயமான வசதிகளைக் கேட்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. மதிப்பீட்டுக்கு வரும்போது பழைய பள்ளி ரேங்க் கார்டுகள் இருந்தால் எடுத்து வாருங்கள். முடிந்தால், மூன்று நான்கு வயதில் நீங்கள் எப்படி விளையாடினீர்கள், எதற்கெல்லாம் அழுதீர்கள் என்பதை நினைவில் வைத்திருக்கும் அம்மாவையோ பெரியம்மாவையோ உடன் அழைத்து வாருங்கள்.