இறக்கையில் ஒட்டிய ஒரு கொசு

"பைக்கில் போனால் ஹெல்மெட் கண்ணாடியில் பூச்சி வந்து அடிக்கிறதே, விமானத்தில் அடிக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அடிக்கும். இன்றைய விமானங்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. எரிபொருளை மிச்சம்பிடிக்க நாளை வரப்போகும் இறக்கைகளுக்குத்தான் சிக்கல்.

பயணிகள் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி, காற்று மேற்பரப்பில் உரசுவதால் வருவது. வீட்டு மின்விசிறியைப் பாருங்கள். நாள் முழுக்கச் சுற்றியும் இறக்கையில் தூசி அப்படியே உட்கார்ந்திருக்கும். பரப்பை ஒட்டிய காற்று அதோடு சேர்ந்தே நகர்கிறது. அதனால் தூசிக்குக் காற்றே படுவதில்லை. அதற்கு மேலே, தள்ளிப் போகப்போக வேகம் கூடும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. எல்லாக் கூத்தும் அதற்குள்தான்.

ஊதுபத்தி ஏற்றினால் புகை முதலில் நூல் பிடித்ததுபோல் எழும்பும். கொஞ்சம் மேலே போனதும் சுருண்டு கலையும். முதலாவது வரிச்சீர் ஓட்டம், அடுத்தது சுழற்சி ஓட்டம். வரிச்சீராக ஓடும்போது காற்றடுக்குகள் சீட்டுக்கட்டைச் சரித்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். மேலே உள்ள வேகக் காற்று மேலேயே இருக்கும். சுழற்சி வந்துவிட்டால் அந்த வேகக் காற்று கீழே இறங்கி இறக்கையைத் தேய்க்கும். உராய்வு பல மடங்காகிவிடும்.

இன்றைய இறக்கைகளில் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னாலேயே சுழற்சி தொடங்கிவிடுகிறது. அதைத் தள்ளிப்போட, 2017இல் ஏர்பஸ் ஒரு ஏ340 விமானத்தில் இறக்கைகளின் வெளிப்பகுதியை மட்டும் மாற்றி, வழவழப்பான புதிய பகுதியைப் பொருத்திப் பறக்கவிட்டது. இறக்கை உராய்வில் பாதி, கார்பன் டை ஆக்சைடில் 5 சதவீதம் வரை குறைப்பது இலக்கு.

இங்கேதான் நம் கொசு வருகிறது. முன்விளிம்பில் அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நசுங்கிய பூச்சி அதைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அதன் பின்னால் ஓட்டம் கலைந்து, விரித்த விசிறிபோல் அகன்றுகொண்டே போகும். தரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்தான் பூச்சிகள் அதிகம். ஏறும்போது ஒட்டியது, 11 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கூடவே வரும். உடல் சிதறியதும் பூச்சியின் ரத்தம் வேதிமாற்றம் அடைந்து பசையாகிவிடுகிறது. சும்மா துடைத்தால் போகாது.

நாசா பொறியாளர்கள் போய் நின்ற இடம் தாமரை இலை! தாமரை இலைத் தண்ணீர்போல் பூச்சி ஒட்டாமல் இருக்க, நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்ட பூச்சுகளை உருவாக்கினார்கள். 2015இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு போயிங் 757இன் இறக்கையில் ஐந்து வகைகளைச் சோதித்தார்கள். அவற்றில் சிறந்த பூச்சில் ஒட்டிய பூச்சிகளின் எண்ணிக்கை சுமார் 40 சதவீதம் குறைந்தது. செத்த பூச்சியை எண்ணுவதற்கு அரசுப் பணமா என்று சிரிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், எண்ணாமல் விட்டிருந்தால்தான் வீண்செலவு.

எனக்குப் பிடித்தது வேறொரு தீர்வு. 1990இல் இன்னொரு 757 சோதனையில், முன்விளிம்புக்கு அடியிலிருந்து விரியும் ஒரு மடிப்புத் தகட்டை வைத்தார்கள். ஏறும்போது தூக்குவிசையைக் கூட்டுவது அதன் வேலை. கூடவே எதிரே வரும் பூச்சிகளையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அப்புறம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதுபோல், அழுக்கோடு மடங்கி அடியில் போய்விடும்.