விலாவுக்குக் கீழே வலியா? கோதுமையை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்

"டாக்டர், சப்பாத்தி பரோட்டா சாப்பிட்டா வயிறு ஊதி விலாவுக்குக் கீழ பிடிக்குது, அதான் ரெண்டு மாசமா கோதுமையையே தொடுறதில்ல." கேரள எல்லையில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவுப் பக்கமிருந்து வருபவர்கள் இப்போது அடிக்கடி இப்படிச் சொல்கிறார்கள். எனக்குப் பதறுகிறது. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் கெடுவதுதான் சீலியாக் நோய். அதைக் கண்டுபிடிக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை, குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. நிறுத்திவிட்டு வந்தால் நோய் இருந்தும் நார்மல் என்று வந்துவிடலாம், அப்புறம் மறுபடி சில வாரம் கோதுமை சாப்பிட்டு, வலியையும் பொறுத்துக்கொண்டுதான் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

இது வடக்கத்திக்காரர்களுக்கு வரும் நோய், சோறு சாப்பிடும் நமக்கு வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. 2016-ல் வெளியான இந்திய ஆய்வில் சீலியாக் வடக்கே 100-க்கு 1 பேர், தெற்கே 10,000-க்கு 1 பேர் என்றுதான் இருந்தது. ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அங்கே ஒரு நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். சுகர் வந்த வீடெல்லாம் ராத்திரி சப்பாத்தி, பார்டரில் பரோட்டா, பிள்ளைகளுக்கு பிஸ்கட் என்று ஆனபின் அந்த 25 கிராம் எங்கே நிற்கும்?

சரி, வயிற்று நோயில் விலா ஏன் வலிக்கிறது? பெருங்குடல் இடது விலாவுக்கு அடியில் மண்ணீரல் பக்கம் சட்டென்று வளைகிறது. அங்கே காற்று தேங்கினால் மேலே தள்ளும், குத்தும், காற்று பிரிந்ததும் குறையும். ஊரில் வாய்வுப் பிடிப்பு என்பது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு வலி எலும்பிலேயே இருக்கிறது, அதைத்தான் நாம் தவறவிடுகிறோம். சீலியாக்கில் சிறுகுடலின் உள்பரப்பு தேய்ந்து கால்சியம், வைட்டமின் டி, இரும்பு எதுவும் சரியாக உடம்பில் சேராது, நாளாக எலும்பு பலம் இழக்கும். ரப்பர் வெட்டுக்குப் போகும் ஒரு அம்மா, "குனிஞ்சா விலா உடையுற மாதிரி இருக்கு" என்று வந்தார். வருஷக்கணக்கில் கேஸ் மாத்திரை, பேதி கிடையாது, ஆனால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. விலா எலும்பின் மேல் கட்டைவிரலை லேசாக வைத்து அழுத்தினேன், என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். ரத்தமும் வைட்டமின் டியும் குறைவு, டிடிஜி அதிகம், எண்டோஸ்கோபியில் எடுத்த சதைத்துணுக்கும் உறுதிப்படுத்தியது. கோதுமையை அடியோடு நிறுத்தியதும் வயிறு சில வாரத்தில் அடங்கியது, எலும்பு வலி போகத்தான் மாதங்கள் ஆயின.

எல்லா விலா வலியும் கோதுமையால் வருவதல்ல. எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பின் வலது விலாவில் வந்தால் பித்தப்பையைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து கொப்புளம் வந்தால் அது அக்கி. வியர்வை, மூச்சு முட்டல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே ஈசிஜி எடுக்க ஓடுங்கள்.

கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்த பரிசோதனையில் சீலியாக் இல்லை என்று வந்தால் பலருக்குத் தொல்லை தருவது குளூட்டனே அல்ல, கோதுமையிலுள்ள ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சத்து. வெங்காயத்திலும் பூண்டிலும் அது உண்டு. அளவைக் குறைத்தாலே போதும்.

சீலியாக் என்று உறுதியானால் பாதி விலக்கு கிடையாது. ரவை, மைதா, சேமியா, கோதுமை அல்வா, பார்லி மால்ட் கலந்த சத்துப் பானம் எல்லாம் போக, யாரும் நினைக்காத ஒன்று பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ பெரும்பாலும் கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். அரிசிப் புட்டு, பத்திரி, கப்பக்கிழங்கு, கேழ்வரகு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கேழ்வரகை மில்லில் கொடுக்கும்போது, முன்னால் அரைத்தது கோதுமையா என்று கேளுங்கள், கோதுமை என்றால் அந்த இயந்திரம் வேண்டாம். அப்படியே கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும், வலி இல்லாவிட்டாலும், ஒரு தடவை ரத்தம் கொடுக்கக் கூட்டிவாருங்கள்.