பைபாஸ் செய்த வயிற்றில் மாற்றுக் கல்லீரல்

எடை குறைப்பதற்கான இரைப்பை பைபாஸில், இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் தனியே பிரிக்கிறார்கள். பிறகு சிறுகுடலை வெட்டி, கீழ்ப்பக்க முனையை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு தைக்கிறார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினமும் உணவே வராத தனிக் கிளையாகிவிடும். பித்தநீர் அந்தக் கிளை வழியாக வந்து, கீழே உணவோடு சேரும்.

இவர்களில் சிலருக்குப் பிறகு கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது. பைபாஸுக்கு முன்பே கல்லீரல் தழும்பேறிச் சுருங்கத் தொடங்கியிருக்கலாம். மதுவும் ஒரு காரணம்: பைபாஸுக்குப் பின் மது நேரே சிறுகுடலுக்குப் போவதால், அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறுகிறது.

காத்திருக்கும் காலத்தில் பெரிய ஆபத்து தசை இழப்பு. வயிற்றில் நீர் கோத்திருந்தால் எடைக்கருவி ஏமாற்றும். இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது எலும்பு மட்டத்தில் சி.டி. எடுத்துத் தசைப் பரப்பை அளந்தால்தான் உண்மை தெரியும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். சிறு பையில் அது ஒரே வேளையில் அடங்காது. ஐந்தாறு வேளையாகப் பிரித்து, படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும்.

வைட்டமின் குறைபாடு கல்லீரல் செயலிழப்பைப் போலவே வேடமிடும். இரத்தம் உறையத் தாமதமானால், வைட்டமின் கே ஊசி போட்டு மறுநாள் மீண்டும் சோதிக்க வேண்டும். குழப்பமும் தள்ளாட்டமும் வந்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைவாகவும் இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுத்துவிட வேண்டும். தவறினால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

மாற்றுக்குப் பின், புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமலிருக்கத் தினமும் விழுங்கும் டாக்ரோலிமஸ் மருந்து பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதியை மாத்திரை தொடாமலே தாண்டிப்போவதால், வழக்கமான அளவு போதுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மெதுவாகக் கரையும் வகையைத் தவிர்த்து, இருவேளை மாத்திரையே நல்லது. காலை மாத்திரைக்கு முன்பு, அதாவது முந்தைய மாத்திரை விழுங்கி 12 மணி நேரம் கழித்து, மருந்தின் அளவைப் பார்க்க இரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் அன்றைய அளவீடு வீண். வயிற்றுப்போக்கு வந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும் என்றுதான் தோன்றும். குடற்சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதி பாதிக்கப்படுவதால் உண்மையில் அது ஏறிவிடும், சிறுநீரகம் அடிவாங்கும்.

மாற்றுக்குப் பின் வரக்கூடிய அடுத்த சிக்கல் பித்தநாளச் சுருக்கம். மற்றவர்களுக்கு வாய்வழி எண்டோஸ்கோப்பை டியோடினம் வரை செலுத்திப் பித்தநாளத்துக்குள் நுழையும் இ.ஆர்.சி.பி. செய்து, சுருங்கிய இடத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைத்துவிடலாம். அந்தக் கருவியின் நீளம் சுமார் 124 செ.மீ. பைபாஸ் ஆனவருக்கோ உணவுக்குழாய் 40, உணவுக் கிளை 100, பிறகு மேல்நோக்கித் திரும்பி 50 என்று கிட்டத்தட்ட 190 செ.மீ. போக வேண்டும், எட்டாது. தோல்வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்துவது, பலூன் உதவியோடு குடலுக்குள் நகரும் நீண்ட எண்டோஸ்கோப், அல்லது லேப்ராஸ்கோப்பியில் பழைய இரைப்பையைத் திறந்து அதன் வழியே நுழைவது ஆகியவைதான் மாற்று வழிகள்.

குழாய் வடிவில் இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் அறுவையில் இந்தப் பாதை அப்படியே இருக்கும். மாற்று தேவைப்படக்கூடியவருக்கு ஸ்லீவே பொருத்தம் என்பதற்கு அதுவே முதல் காரணம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், மாற்று அறுவையின்போதே ஸ்லீவும் செய்த 7 பேரைப் பற்றி 2013-இல் எழுதினார்கள்.

ஏற்கெனவே பைபாஸ் செய்தவர், பழைய அறுவைக் குறிப்பை மாற்று மையத்துக்கு முதல் நாளே கொண்டுபோக வேண்டும். குடல் கிளைகளின் நீளம் அதில் எழுதியிருந்தால், பித்தநாளத்தைக் குடலோடு இணைக்க நேரும்போது எந்த இடத்தில் தைக்கலாம் என்று அறுவை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.