சைக்கிள் டைனமோவில் பாடக்கூடிய ரஷ்ய வால்வு

தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்தபோது வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றித்தான் றேடியோ கேட்டார்கள். அவை டிரான்சிஸ்டர் பெட்டிகள். வெற்றிடக் கண்ணாடிக் குழாயால் ஓடும் வால்வு றேடியோவுக்கு அந்த மின்சாரம் எந்த மூலைக்குக் காணும்? சாதாரண வால்வு ஒன்றின் ஹீற்றருக்கே, அதாவது சூடாக்கும் கம்பிக்கே, 6.3 வோல்ற்றில் 300 மில்லி அம்பியர் வேண்டும், கிட்டத்தட்ட 2 வாற்று.

சோவியத் காலத்து 1ஜே18பி அப்படியல்ல. பென்சில் தடிப்புள்ள கண்ணாடிக் குழாய். சூடாகி இலத்திரன் விடும் இழைக்கு 1.2 வோல்ற், ஏறத்தாழ 21 மில்லி அம்பியர். வாற்றில் நாற்பதில் ஒரு பங்கு. இலத்திரன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றிய கம்பிக் கிரிட்டுக்குப் பதிலாக உள்ளே இழைக்குச் சமாந்தரமாக உலோகக் கோல்கள் நிற்கின்றன. அவற்றின் மின்புலம் இலத்திரன்களை மெல்லிய தகடுபோல ஒடுக்கி, ஸ்கிரீன் எனும் நேர்மின் கோல்களுக்கு இடையால், இலத்திரன்களை வாங்கும் அனோட்டுக்கு அனுப்புகிறது. அதனால் ஸ்கிரீனில் வீணாகும் மின்னோட்டம் மிகக் குறைவு. இது அவ்தேயெவ் என்ற சோவியத் பொறியியலாளரின் வடிவமைப்பு, அருமையான வேலை.

இந்த வால்வுகள் பெரும்பாலும் சாவது இழை எரிந்துதான். புதிய அல்கலைன் பற்றரி 1.5 வோல்ற்றுக்கு மேல் தரும். நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் கலம் 1.2 தரும், அதுவே பொருத்தம். இழையின் ஒளி கண்ணுக்குத் தெரியவில்லையே என்று வோல்ற்றைக் கூட்டக் கூடாது. முள் மல்ரிமீற்றரின் ஓம் ×1 அளவிலும் சோதிக்க வேண்டாம், அந்த மின்னோட்டமே இழையைக் கொன்றுவிடும். டைனமோவையும் நேரே கொடுக்க முடியாது. அது மாறுமின்னோட்டம், வேகத்தோடு வோல்ற்றும் ஏறும். நான்கு 1என்4007 டயோட்டுகளால் நேராக்கி 2000 மில்லி அம்பியர்-மணிக் கலத்தைச் சார்ஜ் பண்ணி, டைனமோவைக் கழற்றிய பிறகு கலத்திலிருந்து எடுங்கள். இரண்டு வால்வு 40 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும்.

இந்த வால்வில் மீடியம் வேவ் றேடியோ கட்ட, அலையைப் பிடிக்கும் சுருளுக்கு 40 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் 0.4 மில்லிமீற்றர் இனாமல் கம்பி 85 சுற்று. அது சுமார் 200 மைக்ரோஹென்றி. 365 பிக்கோபரட் வேரியபிள் கண்டென்சரோடு தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹேட்ஸ், ஏறத்தாழ 114 பிக்கோபரட்டில் வரும். நிலத்தில் இணையும் முனைக்குப் பக்கத்தில், அனோட்டில் வரும் சிக்னலில் ஒரு பகுதியைத் திரும்ப ஊட்டும் பின்னூட்டச் சுருள் 10 சுற்று. கிரிட்டுக்கு 100 பிக்கோபரட் கண்டென்சர், 2.2 மெகாஓம் றெசிஸ்டர், அந்த றெசிஸ்டர் இழையின் நேர்முனைக்குப் போகவேண்டும். மூன்று 9 வோல்ற் பற்றரி தொடராக 27 வோல்ற், ஸ்கிரீனுக்கு 100 கிலோஓம் பொட் (திருகி மாற்றும் றெசிஸ்டர்) வழியாக. காதில் 2000 ஓம் ஹெட்போன் தேவை. கைப்பேசியின் 32 ஓம் இயர்போனுக்கு இடையில் அவுட்புட் டிரான்ஸ்போமர் போட வேண்டும்.

பொட்டைக் கூட்டியும் ஊளை வரவில்லையென்றால் பின்னூட்டச் சுருளின் முனைகளை மாற்றுங்கள். திடீரென்று வெடித்து ஊளையிட்டால் இரண்டு சுற்றைக் குறையுங்கள். பெட்டியைத் தொட்டாலே கணகணவென்று கேட்பது இழை அதிர்வது. வால்வைப் பஞ்சில் படுக்கவையுங்கள். கால்களைக் கண்ணாடியிலிருந்து 5 மில்லிமீற்றருக்குள் வளைக்கவோ சொல்டர் அடிக்கவோ வேண்டாம், கண்ணாடி விரிசல் விட்டுக் காற்றுப் புகும்.

இரண்டு பனைக்கிடையில் 15 மீற்றர் கம்பி ஏரியலுக்குப் போதும். 20 பிக்கோபரட் வழியாக மட்டும் இணையுங்கள், இல்லாவிட்டால் டயலின் சில இடங்களில் பின்னூட்டம் செத்துவிடும், பக்கத்து வீட்டு றேடியோவிலும் ஊளை கேட்கும். ஐப்பசி இடிக்கு ஏரியலைக் கழற்றி நிலத்தில் இணைத்துவிட வேண்டும்.