கேரம் ஆடினால் பொறுமை வருமா?

பிள்ளையை எதற்காக செஸ் வகுப்பில் சேர்த்தீர்கள் என்று சென்னையில் ஒரு பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். "கவனம் வரும், படிப்புக்கு நல்லது" என்பார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன பிறகு அந்தப் பதிலில் இன்னும் உறுதி கூடியிருக்கிறது. வடசென்னையில் இதையே கேரமுக்குச் சொல்வார்கள்: போர்டு முன்னால் உட்கார்ந்து பழகியவனுக்கு நிதானம் தானாக வந்துவிடுமாம். விளையாட்டு ஒரு ஆளை மாற்றும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எதை மாற்றுகிறது, எவ்வளவு தூரம் மாற்றுகிறது என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கேரமிலிருந்தே தொடங்குவோம். 1991, 1995 என இரண்டு முறை உலகச் சாம்பியனான மரியா இருதயமும், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னைக்காரர்கள். காயின் ஓரத்தில் அடித்து அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் கட் ஷாட்டை இவர்கள் அநாயாசமாகப் போடுவார்கள். அதில் என்ன நடக்கிறது? பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ.; காயின் விட்டம் 3 செ.மீ.க்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் சேர்த்தே ஒன்றரை செ.மீ. இடம்கூட மிஞ்சாது. 45 டிகிரிக்குக் காயைத் திருப்ப வேண்டிய இடத்தில் ஸ்ட்ரைக்கர் ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பட்டால் காயின் திசை இரண்டு டிகிரிக்கு மேல் மாறிவிடும். பாக்கெட் அரை மீட்டர் தொலைவில் இருந்தால், காய் அங்கே போய்ச் சேருவதற்குள் சுமார் இரண்டு செ.மீ. விலகி, மரத்தில் மோதித் திரும்பும்.

இந்த மில்லிமீட்டரை யாரும் கணக்குப் போட்டு ஆடுவதில்லை. விரல் சுண்டும் முன்பே காய் எப்படிப் போகும் என்று சிறுமூளை ஒரு கணிப்பு வைத்திருக்கும். காய் போன பாதையை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப அடுத்த அடியைத் திருத்தும். ஆயிரக்கணக்கான முறை இப்படித் திருத்தித் திருத்தித்தான் கை "படிகிறது". தவறிய அடிகளும் வீண் இல்லை. திருத்துவதற்கான தகவலே அவற்றிலிருந்துதான் கிடைக்கிறது.

இப்படிப் படிவது அந்த வேலைக்கு மட்டுமே படிகிறது என்பதுதான் முக்கியம். 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் செஸ் வீரர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த, இருபத்துச் சொச்சம் காய்கள் கொண்ட ஒரு நிலையை ஐந்து நொடி காட்டிவிட்டு, அதை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் நான்கோடு நின்றுவிட்டார். அடுத்து, காய்களை அர்த்தமில்லாமல் இறைத்துக் காட்டினார்கள். மாஸ்டருக்கும் புதியவருக்கும் இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்தே போனது. அதாவது, மாஸ்டருக்கு ஞாபகசக்தி பொதுவாகக் கூடிவிடவில்லை. ஆட்டத்தில் அடிக்கடி வரும் அமைப்புகளைக் கொத்துக் கொத்தாகப் பார்க்கும் கண்தான் அவருக்கு வாய்த்திருக்கிறது.

குணமும் இப்படித்தானா? 1928-ல் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வில், விளையாட்டில், வீட்டுப்பாடத்தில் ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்பிச் சொல்ல முடியவில்லை. தொடர்பு இருந்தது, ஆனால் மெலிதாக. போர்டு முன்னால் அசையாமல் உட்காரும் பையன் வீட்டில் சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானால் கத்துவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: பொறுமை இல்லாதவர்கள் பாதியிலேயே ஆட்டத்தை விட்டுப் போயிருப்பார்கள். மிஞ்சியவர்களை மட்டும் பார்த்துவிட்டு, ஆட்டம்தான் பொறுமையைக் கொடுத்தது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சரி, அப்படியானால் விளையாட்டு ஆளின் மேல் எதையுமே விட்டுச்செல்வதில்லையா? விட்டுச்செல்கிறது, சின்னச் சின்னப் பழக்கங்களாக. தேர்ந்த கேரம் ஆட்டக்காரரை அடிக்கும் முன் பாருங்கள். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து லேசாக இப்படியும் அப்படியும் நகர்த்துவார். விரலைத் துடைப்பார். ஒரு மூச்சு விடுவார். அப்புறம்தான் சுண்டுவார். பார்ப்பவர்களுக்கு இது வெறும் விசித்திரம். மூளைக்கு இது ஒரு தொடக்க மணி. எலிகள் ஒரு பாதையில் ஓடிப் பழகும்போது ஆன் கிரேபியல் என்ற மூளை ஆய்வாளரின் குழு மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியைப் பதிவு செய்தது. முதலில் ஓட்டம் முழுக்கச் செயல்பட்ட நரம்புகள், பழகிய பின் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் முனைப்பாகச் செயல்பட்டன. நடுவில் இருந்தது எல்லாம் ஒரே கட்டாகிவிட்டது.

பதற்றத்தில் இந்தக் கட்டு அவிழ்வதுதான் ஆபத்து. பந்தைக் காலால் கடத்தும்போது பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னதும் தேர்ந்த கால்பந்து வீரர்கள் தடுமாறினார்கள் என்று சியன் பைலாக் என்ற உளவியலாளரின் குழு 2002-ல் காட்டியது. புதியவர்களுக்கோ அப்படிக் கவனிப்பது உதவியது. கேரமில் சிவப்புக் காயான ரெட்டைப் போட்டுவிட்டு, அது கணக்கில் சேர உடனே தன் காய் ஒன்றையும் ஃபாலோவாகப் போட வேண்டிய நேரத்தில், தன் விரலையே உற்றுப் பார்க்க ஆரம்பிப்பவர் கோட்டைவிடுவது இதனால்தான். வழக்கமான அந்த மூச்சும் துடைப்பும் கவனத்தை விரலிலிருந்து விலக்கி வைக்கின்றன.

இந்தப் பழக்கம் போர்டை விட்டு வெளியே தானாக வராது. கூட்டிக்கொண்டு வர வேண்டும். "இந்த நேரம் வந்தால் இதைச் செய்வேன்" என்று குறிப்பாகத் தீர்மானித்தவர்கள் வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். கேள்வித்தாளைத் திருப்பியதும் பேனாவைக் கீழே வைத்து ஒரு மூச்சு விடு என்று பயிற்சியாளர் பிள்ளையிடம் தனியாகச் சொல்லி, அதையும் பழக்கிவிட்டால், மேசைமேல் இருந்த நிதானம் தேர்வறைக்கும் போகும். "பொறுமையா இரு" என்று மட்டும் சொன்னால் போகாது. நாள் பிடிக்கும்தான். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு புதுப் பழக்கம் தானாக நிகழ நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, இன்னும் சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.