பெயிண்ட் அடித்த காருக்கு ஒரு மாதப் பத்தியம்

டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடித்து வண்டிச் சாவியைக் கையில் கொடுக்கும்போது பெயிண்டர் தவறாமல் ஒன்று சொல்வார்: "ஒரு மாசத்துக்கு பாலிஷ் கிலிஷ் எதுவும் போட்றாதீங்க சார்." நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். தொட்டால் ஒட்டவில்லை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பும் இருக்கிறது, அப்புறம் எதற்கு ஒரு மாதம்? கேட்டால், "பெயிண்ட் செட் ஆகணும் சார்" என்பார். சரியான பதில்தான். ஆனால் அந்தச் செட் ஆவதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒன்று சீக்கிரம் முடிந்துவிடும், மற்றது இழுத்தடிக்கும்.

முதல் வேலை தின்னர் பறப்பது. ஸ்ப்ரே கன்னில் பீய்ச்ச வேண்டுமென்றால் பெயிண்ட் நீர்த்திருக்க வேண்டும். அதற்காகச் சேர்த்த கரைப்பான், பேனலில் விழுந்த நொடியிலிருந்து ஆவியாகத் தொடங்குகிறது. பழைய டூக்கோ பெயிண்டில் நடந்தது இது மட்டும்தான். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ 1923இல் ஓக்லாண்ட் கார்களில் ஏறியபோது, அதுவரை வாரக்கணக்கில் காயப்போட்ட வேலை மணிக்கணக்கில் முடிந்தது. அந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டில் தின்னர் போனபின் மிஞ்சுவது வெறும் பிசின் படலம். தின்னர் நனைத்த துணியால் மறுபடி தேய்த்தால் கரைந்து துணியோடு வந்துவிடும்.

இன்று ஒர்க்‌ஷாப்புகளில் நிறத்துக்கு மேல் அடிக்கிற கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு அப்படி வராது. அது இரண்டு டப்பாவில் வருகிறது: ஒன்றில் கிளியர், இன்னொன்றில் ஹார்ட்னர். கிளியரில் இருப்பது நீளநீளமான அக்ரிலிக் சங்கிலிகள், அவற்றில் ஆங்காங்கே ஹைட்ராக்சில் கொக்கிகள். ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். இரண்டையும் கலந்ததும் ஐசோசயனேட் அந்தக் கொக்கிகளைப் பிடித்து, ஒரு சங்கிலியை இன்னொன்றோடு பிணைக்கிறது. தனித்தனிச் சங்கிலிகளாக இருந்தது ஒரே பின்னலாகிவிடுகிறது. இதுதான் பாலியூரித்தேன். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் கண்டறிந்த வேதியியல். இந்தப் பிணைப்புதான் இரண்டாவது வேலை. இது முழுசாக முடிந்தால் தின்னர், பெட்ரோல் எதற்கும் பெயிண்ட் அவ்வளவு எளிதில் மசியாது.

போகிறபோக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போபாலில் 1984இல் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் இதே குடும்பம்தான். ஹார்ட்னரில் இருப்பது பெரிய மூலக்கூறு, அதுபோல எளிதில் ஆவியாகாது. ஆனால் ஸ்ப்ரே புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கும். மூக்கில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு கிளியர் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, பூத்துக்கு, அதாவது பெயிண்ட் அடித்த வண்டியைச் சுட்டுக் காயவைக்கும் மூடிய அறைக்கு வருவோம். கார் தொழிற்சாலையில் கிளியர் கோட்டைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அப்போது அது வெறும் இரும்புக்கூடு, எவ்வளவு சுட்டாலும் தாங்கும். ஒர்க்‌ஷாப்புக்கு வருவதோ ஒயரிங், ரப்பர், டேஷ்போர்டு, பெட்ரோல் டேங்க் எல்லாம் உள்ள முழு வண்டி. அதனால் 60 டிகிரியில் அரை மணி நேரம்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. அதன்படி 60 டிகிரியில் அரை மணி என்பது 20 டிகிரியில் எட்டு மணி நேரம், அதாவது ஓர் இரவு. கிளியர் டப்பாவோடு வரும் குறிப்புகளிலும் பெரும்பாலும் இந்த இரண்டு வழிதான் இருக்கும். இதில் 60 என்பது பேனலின் சூடு, பூத்துக் காற்றின் சூடு அல்ல. பிளாஸ்டிக் பம்பரும் தடிமனாகப் பட்டி பார்த்த இடமும் மெதுவாகத்தான் சூடேறும். மீட்டர் 60 காட்டியதும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அந்த இடங்கள் அரைவேக்காடுதான்.

பூத்தில் நன்றாகச் சுட்டாலும் பிணைப்பு முழுசாக முடிவதில்லை. பின்னல் இறுக இறுக, மூலக்கூறுகள் நகர இடமில்லாமல் போகிறது. இங்கே ஒரு ஐசோசயனேட், கொஞ்சம் தள்ளி ஒரு ஹைட்ராக்சில், ஆனால் ஒன்றை ஒன்று போய்ச் சேர முடியாது. பேனல் ஆறியதும் வினை ஏறக்குறைய நின்றேவிடும். அப்புறம் வெயிலில் வண்டி நிற்கும்போது கொஞ்சம் இளகி, கொஞ்சம் வினை நடக்கும். மிஞ்சிய ஐசோசயனேட்டில் ஒரு பகுதி காற்றின் ஈரத்தோடும் சேர்ந்துகொள்ளும். நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் இப்படியே போகும். தின்னரும் முழுசாகப் போயிருக்காது. பாலில் ஆடை படிவதுபோல் மேற்பரப்பு முதலில் இறுகிவிடுவதால், அடியில் மாட்டிய கரைப்பான் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். வெயிலில் நின்ற வண்டியில் இன்னும் பெயிண்ட் வாடை வந்தால், அது வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிளியர் கோட்டின் தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. அது இந்த நிலையில் இருக்கும்போது நம் ஊர் வழக்கம் என்ன? விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி. அதே வாளியில் நான்கு வண்டி துடைப்பார்கள். தெருப்புழுதியில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல், இரும்பையே கீறக்கூடியது. இளம் பெயிண்டுக்கு எதிரி யார் என்று என்னைக் கேட்டால், வெயிலையும் மழையையும்விட இந்தத் துணியைத்தான் சொல்வேன். முதல் வாரம் தூசி கிடந்தால் கிடக்கட்டும். அப்புறம் நிழலில் நிறுத்தி, நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வாட்டர் வாஷுக்கு ஒரு மாதம் கழித்துப் போகலாம். பிரஷர் கன்னைப் பக்கத்தில் பிடித்தால் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்த விளிம்பில் புதுப் பெயிண்ட் கிளம்ப வாய்ப்புண்டு.

போர் தண்ணீரானால் உடனே துடைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கால்சியம் வட்டமாகப் படியும். இறுகிய பெயிண்டில் அது மேலே உட்கார்ந்திருக்கும், நீர்த்த வினிகரில் போய்விடும். புதுப் பெயிண்டில் தடம் பதிந்துவிடலாம்.

காக்கை எச்சத்துக்கும் அதே அவசரம் வேண்டும். அதில் யூரிக் அமிலம் மட்டுமல்ல, குடலிலிருந்து வரும் நொதிகளும் உண்டு. மதிய வெயிலில் படலம் இளகி விரிகிறது, எச்சம் அதன்மேல் காய்ந்து கெட்டியாகிறது. மாலையில் ஆறிச் சுருங்கும் பெயிண்ட், அந்தச் சொரசொரப்பின் அச்சை வாங்கிக்கொள்கிறது. எச்சத்தைக் கழுவிய பின்னும் மங்கலாகத் தெரிகிற தடம் அதுதான். சுரண்டாமல், ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுக்கலாம். எச்சத்துக்குப் பயந்து கவர் போடுவதும் இந்த மாதத்தில் வேண்டாம். ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும், காற்றில் ஆடி ஆடிப் பெயிண்டைத் தேய்க்கும். பூஜை போடுகிறவர்கள் சந்தனம், மஞ்சள், குங்குமத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளை வண்டியின் பானட்டில் வேண்டவே வேண்டாம்.

இனி பாலிஷ். மெழுகு போட்டால் பெயிண்ட் மூச்சு முட்டிவிடும் என்பது, பூத்தில் சுட்ட பெயிண்டைப் பொறுத்தவரை கொஞ்சம் மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. மெழுகுப் படலம் மிக மெல்லியது. ஆனால் பாலிஷில் அரைக்கிற துகளும் கரைப்பானும் இருக்கும், இளகிய பரப்பைத் தேய்த்தால் கோடு விழும். கம்பெனிக்குக் கம்பெனி 30 நாள், 60 நாள், 90 நாள் என்று சொல்கிறார்கள். பூத் இல்லாமல் ஷெட்டிலேயே காயவிட்ட வண்டிக்கு நீண்ட கணக்கை எடுத்துக்கொள்வது நல்லது. பிபிஎஃப், அதாவது பெயிண்டுக்குப் பாதுகாப்பாக மேலே ஒட்டும் ஃபிலிம், வேறு விஷயம். அது கிளியரைவிட மூன்று நான்கு மடங்கு தடிமனான பிளாஸ்டிக். அவசரப்பட்டு ஒட்டினால், பிரிக்கும் நாளில் பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரலாம்.

இவ்வளவும் பார்த்துக்கொண்ட பிறகும் ஒன்று நடக்கலாம். ஒரு மாதம் கழித்து டியூப்லைட் வெளிச்சத்தில் கதவைச் சாய்வாகப் பார்த்தால், பட்டி பார்த்த இடத்தின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும், சில இடங்களில் எம்ரி பேப்பர் கீறல்கூடத் தெரியும். உங்கள் பராமரிப்பில் குறையில்லை. அடிக்கும்போது தின்னர் பிரைமருக்குள்ளும் பட்டி ஓரத்திலும் இறங்கி அவற்றை உப்ப வைத்தது, அந்த உப்பலின் மேல்தான் கிளியர் சமமாகப் படிந்தது. தின்னர் வெளியேற வெளியேற அடி சுருங்கி, மேலே இருப்பதும் கூடவே இறங்குகிறது. பளபளப்பும் கொஞ்சம் குறையும். கருப்பு, அடர் நீல வண்டிகளில் இது பளிச்சென்று தெரியும். லேசான கோடென்றால் கம்பவுண்ட் (நைசாக அரைக்கும் பசை) அடித்துச் சரிசெய்துவிடலாம், ஆனால் சுருங்குவது நின்ற பிறகுதான் அதைச் செய்ய முடியும். அதனால் பில்லுக்குப் பணம் கொடுக்கும்போதே, "மாசம் கழிச்சு ஒரு தடவை கொண்டுவந்து காட்டறேன், கம்பவுண்ட் உங்க கணக்கு" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.